லைக் வருது, ஆர்டர் வரல: ஓவியம் போடுகிறவர்களின் இன்ஸ்டாகிராம் கோளாறுகள்

ஓவியம் வரைகிற யாரிடம் பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் 'அல்காரிதம்' வந்துவிடுகிறது. ரீச் போச்சு, இன்ஸ்டா நம்மை அமுக்கிவிட்டது, காசு கட்டினால்தான் காட்டுகிறான், இந்த மாதிரி. நானும் அப்படிப் புலம்பியவன்தான். தஞ்சாவூர் ஓவியமும், மூடு வந்தால் நடுவில் நீர்வண்ணமும் போடுகிறேன். என் பக்கத்தையும், உதவி கேட்டு வந்த ஏழெட்டுப் பேரின் பக்கத்தையும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில், பாதிக் கோளாறு போஸ்ட் பண்ணுவதற்கு முன்பே போட்டோவில் இருந்தது, மீதியில் பெரும்பகுதி போஸ்ட் பண்ணிய பிறகு இன்பாக்ஸில் இருந்தது. அல்காரிதத்தின் பங்கு நடுவில் கொஞ்சம்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் எந்த மதகில் நிற்கிறது என்று போய்ப் பார்ப்பார்கள். இங்கேயும் அதேதான். கணக்கு பர்சனலாக இருந்தால் புள்ளிவிவரம் எதுவும் தெரியாது, புரொஃபெஷனலுக்கு மாற்றுங்கள், காசு கிடையாது. 'பிசினஸ்'ஸா 'கிரியேட்டர்'ஆ என்று கேட்கும். தனி ஆளாக வரைகிறவர் கிரியேட்டரை எடுங்கள், ஏன் என்பது பாட்டு விஷயத்தில் வரும். அப்புறம் கடைசிப் பத்து போஸ்டுகளுக்கு ஒரு பழைய நோட்டில் நாலு எண் எழுதுங்கள்: எத்தனை பார்வை, அதில் உங்களைப் பின்தொடராதவர்கள் எவ்வளவு, ப்ரொஃபைலுக்கு வந்தது எத்தனை பேர், மெசேஜ் எத்தனை. எந்த எண்ணில் சட்டென்று வற்றுகிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போங்கள். மற்றதைத் தொடவேண்டாம், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

“போனில் பளிச்சுனு இருக்கு, போஸ்ட் பண்ணா மங்கிடுது”

முதல் சந்தேகம் வாட்ஸ்அப் மேல். தம்பியின் நல்ல போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் நமக்கு அனுப்பி, அதை டவுன்லோடு பண்ணி இன்ஸ்டாவில் ஏற்றுகிறோம். வாட்ஸ்அப் ஒருமுறை பிழிகிறது, இன்ஸ்டா இன்னொரு முறை பிழிகிறது, மிச்சம் சக்கைதான். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அசல் அப்படியே வரும்.

அடுத்தது அளவு. இன்ஸ்டா 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, பெரிதாகக் கொடுத்தால் தானே சுருக்கும், அந்தச் சுருக்கல் அவ்வளவு நயமாக இருக்காது. நீங்களே 1080க்கு 1350 என்று வெட்டிக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. செட்டிங்ஸில் 'மீடியா குவாலிட்டி' என்ற இடத்தில் உயர்ந்த தரத்தில் ஏற்று என்று ஒரு பொத்தான் இருக்கும், அது பலருக்கு அணைந்தே கிடக்கிறது. டேட்டா சேவரும் அங்கேதான், அதை அணையுங்கள்.

கோலம், பேனாக் கோட்டோவியம் மாதிரி நுண்ணிய கோடு உள்ளவை முழுப்படமாகப் போட்டால் எப்படியும் குழையும். முழுப்படம் ஒன்று, கூடவே நெருக்கத்தில் மூன்று நான்கு என்று அடுக்காகப் போடுங்கள், ஒரே போஸ்டில் 20 படம் வரை ஏற்றுக்கொள்கிறது.

நிறம் மாறுகிறது என்றால் இரண்டு காரணம் பார்க்கலாம். ஸ்கேனரோ பெரிய கேமராவோ வைத்திருப்பவர்கள் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற, போன் திரைகளுக்குப் பொதுவான வண்ண அமைப்பில் சேமிக்கவேண்டும், அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு அமைப்பில் விட்டால் சிவப்பும் பச்சையும் செத்துப்போய்த் தெரியும். இன்னொன்று சிரிப்பு வரவைக்கும்: ராத்திரி பத்து மணிக்கு, கண்ணுக்கு இதமாக மஞ்சள் ஒளி ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் பார்த்து 'படம் ரொம்ப மஞ்சளா இருக்கே' என்று நீலத்தை ஏற்றிவிடுவது. காலையில் பார்த்தால் கிருஷ்ணருக்குக் குளிர் ஜுரம் வந்தமாதிரி இருக்கும்.

“தங்க ரேக்கு கறுப்பா விழுது, இல்லைனா வெள்ளையா எரியுது”

தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி இது, ஜரிகை, வெள்ளி ரேக்கு, கண்ணாடிக்கல் வேலைக்கும் இதே கதைதான். ஒட்டியிருக்கும் 22 கேரட் ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி, எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரில் இருட்டான ஹால் இருந்தால் தங்கம் கறுப்பு, ஜன்னல் இருந்தால் வெள்ளைத் திட்டு. ஒருமுறை சிவப்பு டி-ஷர்ட்டில் நின்று எடுத்தேன், கிரீடம் முழுக்கக் குங்குமம் பூசினமாதிரி வந்தது, வாங்க வந்தவர் 'இது என்ன கலர் தங்கம்' என்று கேட்டார்.

ஆகவே தங்கத்துக்கு எதிரில் என்ன இருக்கவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் செய்வது இது. பிரேம் போடுவதற்கு முன்பே, காலை எட்டு ஒன்பது மணிக்கு, நேர் வெயில் படாத திண்ணையில் ஒரு நாற்காலி மேல் பலகையை நிமிர்த்தி வைப்பேன். வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிடுவேன், பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் எந்தப் போனும் குழம்பும். பலகைக்கு எதிரே கொடிகட்டி வெளுத்த வேட்டி இரண்டைத் தொங்கவிட்டு, இரண்டுக்கும் நடுவில் போன் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவேன். அவ்வளவுதான், வேட்டியின் வெள்ளை ரேக்கில் படிந்து தங்கம் மழமழவென்று மெல்லிய வெண்ணெய் நிறத்தில் நிற்கும், புடைப்பு வேலையின் ஓரங்களில் மட்டும் லேசாக நிழல் விழும்.

போனைப் பலகைக்கு ஒட்டி வைத்து எடுக்காதீர்கள். நெருங்கினால் சட்டத்தின் ஓரங்கள் பானை மாதிரி வெளியே உப்பும். நாலடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். திரையில் சாமி முகத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தை ஒரு சிட்டிகை குறையுங்கள். கொஞ்சம் இருட்டாக எடுத்த படத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், எரிந்துபோன வெள்ளைத் திட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஏற்கெனவே கண்ணாடி போட்டு பிரேம் ஆகிவிட்டது என்றால் சிக்கல். கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாமல் இருக்க எதிரில் கறுப்புத் துணி வேண்டும், தங்கம் தங்கமாகத் தெரிய வெள்ளைத் துணி வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை. பிரேமைக் கழற்றுவதுதான் வழி, அல்லது அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததை ஒழுங்காக எடுப்பது.

இவ்வளவு செய்தாலும் நிழற்படத்தில் தங்கம் பாதிதான் தங்கம். இந்த ஓவியங்கள் பூஜையறை விளக்கொளியில் பார்ப்பதற்கென்று பழகியவை, சுடர் அசையும்போதுதான் ரேக்கு உயிர்பெறும். அதனால் ஸ்டாண்டில் போனை அசையாமல் நிறுத்திவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு அகல் விளக்கையோ இன்னொரு போனின் டார்ச்சையோ இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சம் கிரீடத்தில் தொடங்கி மாலை வழியாகக் கீழே இறங்கும். ஏழு விநாடி போதும். என் பக்கத்தில் எத்தனையோ மெனக்கெட்டு எடிட் பண்ணிய ரீல்களை விட இந்த ஏழு விநாடிதான் அதிகம் கைமாறிப் போயிருக்கிறது.

“கிரீடம் வெட்டுப்படுது”

2025 ஜனவரியில் இருந்து ப்ரொஃபைல் கட்டங்கள் சதுரம் இல்லை, 3க்கு 4 நிமிர்ந்த கட்டம். பழைய சதுரப் படங்கள் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுத் தெரியும், ரீலின் அட்டைப்படத்தில் மேலும் கீழும் போகும். போஸ்டைத் திறந்து திருத்தும் இடத்தில் கட்டத்துக்கான முன்தோற்றத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. புதிதாகப் போடும்போது சாமி தலைக்கு மேலே கொஞ்சம் சுவர் விட்டு எடுங்கள், போதும்.

“முந்நூறு பார்வையைத் தாண்டவே மாட்டேங்குது”

புலம்புவதற்கு முன் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' போய்ப் பாருங்கள். உங்கள் போஸ்டுகளைப் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா கூடாதா என்று அங்கே எழுதியே இருக்கும். ஏதாவது சிவப்பாக இருந்தால் அந்தப் போஸ்டை நீக்கலாம், தவறாகப் பிடித்திருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். நிர்வாண உருவப் பயிற்சி வரைகிறவர்கள் இங்கே அடிக்கடி மாட்டுவார்கள். ஓவியத்தில் நிர்வாணத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அனுமதிப்பது வேறு, பரிந்துரைப்பது வேறு. எல்லாம் பச்சையாக இருந்தால், உங்களை யாரும் மறைத்து வைக்கவில்லை. வேறு காரணம் தேடுவோம்.

வேறு செயலியின் முத்திரை விழுந்த வீடியோவை அப்படியே ஏற்றினீர்களா? அதை ரீல்ஸில் பரப்பமாட்டோம் என்று இன்ஸ்டா 2021லேயே சொல்லிவிட்டது. முத்திரை இல்லாத அசலை ஏற்றுங்கள். வெளிநாட்டு ஓவியர்கள் தரும் டிக்டாக் யோசனைகளையும் தாண்டிப் போய்விடுங்கள், இந்தியாவில் அது 2020 ஜூனில் தடையாகி, அடுத்த மாதமே ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது.

பாட்டு: பிசினஸ் கணக்குக்கு சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, உரிமை விஷயம். கிரியேட்டர் கணக்கில் அந்தப் பஞ்சம் குறைவு. அதற்காக எல்லாவற்றுக்கும் பாட்டுப் போடவேண்டும் என்றில்லை, ரேக்கைத் தேய்த்து ஒட்டும் சத்தம் என் காதுக்கு எந்த பிஜிஎம்மையும் விட மேல்.

பின்தொடர்கிறவர்கள் யார் என்று பாருங்கள். கணக்குத் தொடங்கியதும் சித்தப்பா பையன், பள்ளித்தோழி, அலுவலகம் என்று இருநூறு பேரைச் சேர்த்திருப்பீர்கள். அவர்களுக்கு உங்கள் மேல் பிரியம், ஓவியத்தின் மேல் அவ்வளவாக இல்லை, வீடியோவை நிறுத்தாமல் ஒரு லைக்கைத் தட்டிவிட்டுத் தள்ளிவிடுவார்கள். இன்ஸ்டா தலைவர் ஆடம் மொஸ்ஸெரி 2025 தொடக்கத்தில் சொன்ன மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புதியவர்களைச் சென்றடைய அந்த மூன்றாவதுதான் முக்கியம். யாருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்து எடுங்கள். 'அம்மா, நம்ம பூஜை ரூமுக்கு இது நல்லாருக்கும்ல' என்று அமெரிக்காவில் இருக்கும் பெண் அம்மாவுக்கு அனுப்பவேண்டும்.

கடைசியாக, ஆரம்பம். பத்தில் எட்டு ரீல் வெறும் பலகையில்தான் தொடங்குகிறது. வெள்ளைப் பலகை, பென்சில், ஸ்கேல். நமக்கு அது ஆரம்பம், பார்க்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை, மூன்றாவது விநாடியில் போயே போய்விட்டார். வரிசையை மாற்றுங்கள். சாமி படத்தில் கண் திறப்பதைக் கடைசியில்தான் செய்கிறோம், அந்தக் கணத்தை ரீலின் முதலில் வையுங்கள்: முகம் முழுக்கத் தீர்ந்திருக்கிறது, கண் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, தூரிகை நுனி இறங்குகிறது. அந்த இடத்தில் வெட்டிவிட்டுப் பலகைக்குப் போங்கள். கண் திறந்ததா என்று பார்க்க ஆள் உட்கார்ந்திருப்பார்.

ஹேஷ்டேக் பற்றி அதிகம் கேட்கிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து போதும் என்பது இன்ஸ்டாவே சொன்ன யோசனை. அதை விட கேப்ஷனில் என்ன ஓவியம், என்ன அளவு, எந்த ஊர் என்று சொற்களாக எழுதுவதில்தான் தேடலுக்குப் பயன்.

“லைக் ஐந்நூறு, கேட்கிறவர் ஒருத்தரும் இல்லை”

ப்ரொஃபைலை உங்கள் பெரியம்மாவிடம் கொடுத்து, 'இவரிடம் இந்தப் படத்தை வாங்கணும், என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். திருதிரு என்று விழித்தால் அடைப்பு அங்கே.

பெயர் இருக்கும் இடத்தில் வெறும் பெயர் மட்டும் போடாதீர்கள், அந்த இடம் தேடலில் பார்க்கப்படும் இடம். பெயரோடு 'தஞ்சாவூர் ஓவியம்' என்றும் சேர்த்து எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் டஞ்சோர் என்றும் தஞ்சாவூர் என்றும் இரண்டு விதமாகத் தேடுவார்கள், ஒன்று பெயரிலும் மற்றது பயோவிலும் இருக்கட்டும். பயோவில் கவிதை வேண்டாம். ஆர்டர் எடுக்கிறீர்களா, எந்த ஊர், வெளியூருக்கு அனுப்புவீர்களா, இந்த மூன்று. இணைப்பு ஐந்து வரை வைக்கலாம், அதில் முதலாவது வாட்ஸ்அப். கேப்ஷனுக்குள் போடும் இணைப்பைத் தொட்டால் திறக்காது, இது தெரியாமல் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

அளவு தெரியவேண்டும். போன் திரையில் 12க்கு 15 அங்குலமும் 3க்கு 4 அடியும் ஒரே உயரம்தான். அடுக்கில் ஒரு படமாவது கையில் பிடித்தபடியோ, சுவரில் மாட்டிப் பக்கத்தில் ஆள் நிற்கும்படியோ இருக்கட்டும்.

“விலை கேட்கிறாங்க, சொன்னதும் ஆளைக் காணோம்”

இதில் பாதி விலையால் அல்ல, தாமதத்தால். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெசேஜ் நேராக இன்பாக்ஸுக்கு வராது, 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற தனி அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குள்ளேயே 'மறைக்கப்பட்டவை' என்று இன்னொரு உள்ளறையும் உண்டு. என்னுடையதை முதன்முதலில் திறந்தபோது நாலு மாதத்துக்கு முன் ஒருவர் கிரகப்பிரவேசத்துக்கு லட்சுமி படம் கேட்டிருந்தார். வீடே குடியேறி முடித்திருப்பார். தினம் ஒருதடவை அங்கே எட்டிப் பாருங்கள்.

மீதிப் பாதி, விலையை வெறும் எண்ணாக எறிவது. 'பதினாலாயிரம்' என்று மட்டும் அனுப்பினால் அவர் அதை ஆன்லைனில் பார்த்த இரண்டாயிரம் ரூபாய் பிரிண்டோடுதான் ஒப்பிடுவார். அளவு, ரேக்கின் தரம், கல், எத்தனை நாள் வேலை, பிரேம் சேர்த்தா இல்லையா, பார்சல் செலவு, முன்பணம் எவ்வளவு, இவ்வளவையும் ஒரே மெசேஜில், கூடவே ரேக்கு அடுக்கி வரும் சின்னப் புத்தகத்தைப் பிரித்து எடுத்த ஒரு போட்டோ. இதைத் தயாராகச் சேமித்து வைக்க 'சேவ்ட் ரிப்ளை' வசதி இருக்கிறது. ஆரம்ப விலையைப் போஸ்டிலேயே எழுதிவிடலாமா என்றால், நான் எழுதுகிறேன். 'விலைக்கு இன்பாக்ஸ்' என்று போட்டால் விசாரணை கூடும், ஆனால் அதில் முக்கால்வாசி சும்மா கேட்டுப்பார்க்கிறவர்கள், அவர்களுக்குப் பதில் சொல்லும் நேரத்தில் ஒரு மாலைக்குக் கல் பதித்துவிடலாம். மற்ற ஓவியர்கள் இதில் என்னோடு ஒத்துப்போவதில்லை.

“பின்டரெஸ்டில் போட்டேன், ஈ ஆடலை”

அது வேறு ஜாதி. இன்ஸ்டாவில் போஸ்ட் நாலு நாளில் வாடிவிடும், பின்டரெஸ்டில் ஒரு 'பின்' (அங்கே போடும் படத்துக்கு அதுதான் பெயர்) மாதக்கணக்கில் தேடலில் வந்துகொண்டே இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் வேர்பிடிக்கும். அது ஒரு தேடுபொறி என்று வைத்துக்கொண்டு, 1000க்கு 1500 அளவில் நிமிர்ந்த படமும், தேடுகிறவர் அடிக்கும் சொற்களில் தலைப்பும் கொடுங்கள்: பூஜையறை அலங்காரம், கிரகப்பிரவேசப் பரிசு என்று. பருவத்துக்கு முன்னதாகப் போடவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு குடிபோகமாட்டார்கள், தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கான பின் ஐப்பசியிலேயே ஏறியிருக்கட்டும். ஒவ்வொரு பின்னிலும் வாங்கும் இடத்துக்கான இணைப்பு வேலை செய்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

“என் படத்தை வேறொருத்தர் தன்னுடையதுன்னு போட்டிருக்கார்”

முதலில் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு. அப்புறம் மரியாதையாக ஒரு மெசேஜ், அசைந்துகொடுக்கவில்லை என்றால் இன்ஸ்டாவின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம். இந்தியாவில் பதிவு செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வரைந்த கணமே உரிமை வந்துவிடுகிறது. அசல் பலகை, வரைந்துகொண்டிருக்கும்போது எடுத்த படங்கள், இவைதான் சாட்சி, அழிக்காதீர்கள். மூலையில் பெரிதாக வாட்டர்மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வெட்டிவிடுவார்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் ஓவியத்துக்கு நடுவில் ஆடை மடிப்பில் சின்னதாக.

ஒன்று பலருக்குத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி ஓவியமோ உருவப்படமோ வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமை கேட்டவருக்குத்தான் முதலில் போகும், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே 'படத்தின் உரிமை என்னிடம், என் பக்கத்தில் வெளியிடுவேன்' என்று வாட்ஸ்அப்பில் ஒருவரி அனுப்பி, அவர் 'சரி' என்று சொன்னதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் எப்போதும் உங்களுடையது.

“வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர், ஆனா ஏதோ இடிக்குது”

இடித்தால் இடிக்கட்டும், நிற்கவும். 'உங்கள் ஓவியங்களை என்எஃப்டியாக (டிஜிட்டல் உரிமைச் சான்றாக) வாங்குகிறேன்', 'உங்கள் போட்டோவைப் பெரிய சுவரோவியமாக வரைய அனுமதி கொடுங்கள், பணம் தருகிறேன்', 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்', இந்த மூன்றும் ஓவியர்களைச் சுற்றும் பழைய வலைகள். உங்கள் ஓவியத்தில் எது பிடித்தது என்று திருப்பிக் கேளுங்கள், 'எல்லாமே அழகு' என்று வந்தால் கதவைச் சாத்துங்கள். யுபிஐயில் பணம் வாங்க க்யூஆரை ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை, அப்படிக் கேட்டால் போவது உங்கள் பணம்.

'உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே தொட்டு முறையிடுங்கள்' என்று நீலநிற முத்திரையோடு வரும் மெசேஜும் அதே வகை. உண்மையிலேயே ஏதாவது இருந்தால் மேலே சொன்ன அக்கவுண்ட் ஸ்டேட்டஸில் இருக்கும், இன்பாக்ஸில் வந்து கெஞ்சமாட்டார்கள். இன்றைக்கே இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அது தரும் பேக்கப் எண்களை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், போன் கேலரியில் வைத்தால் போனோடு சேர்ந்து போகும். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு முடக்கிவைக்க வாய்ப்பு.